வீட்லதானே இருக்கா

திண்டுக்கல்
8 ஜூலை 2024

மதிப்பிற்குரிய பழனிக்குமார் சார்,

கம்பெனியில் யாரையும் சார் என்று கூப்பிடக் கூடாது, பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். ஆனால் காகிதத்தில் எழுதும்போது கை வரவில்லை. அதனால் சார். நான் ஏஞ்சலின். சாஃப்ட்வேரில் நான் பிழை கண்டுபிடித்து அனுப்ப, நீங்கள் சரிசெய்து திருப்பி அனுப்ப, அவரவர் வீட்டிலிருந்தே மூன்று வருடம் ஒரே வேலை பார்த்தோம்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் திரையில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியவில்லை. திங்கட்கிழமை பெயரே இல்லை. மேனேஜர் ஒரு வரி அனுப்பியிருந்தார், நீங்கள் விடைபெற்றுவிட்டீர்கள், வாழ்த்துவோம் என்று. எல்லாரும் பூங்கொத்துப் படம் போட்டார்கள். நானும் போட்டேன். போட்ட பிறகுதான் தோன்றியது, உங்கள் கைபேசி எண்கூட என்னிடம் இல்லை. கேமராவை யாரும் போடுவதில்லை, போடச் சொல்லிக் கட்டாயமும் இல்லை. அதனால் முகமும் தெரியாது. பொங்கலுக்கு எல்லாருக்கும் பரிசுப் பெட்டி அனுப்ப முகவரி வாங்கிக் கொடுத்தது நான்தான். அதில் உங்கள் முகவரி இருந்தது. நெய்க்காரப்பட்டி என்று பார்த்ததும், அட, நம் ஜில்லாதானா என்று அன்றைக்கே ஆச்சரியப்பட்டேன். சொல்லத்தான் இல்லை.

ஏன் போனீர்கள்? வேறு கம்பெனியா? சம்பளம் கூடவா? எதுவாக இருந்தாலும் இந்த மாதிரி இடம் கிடைக்காது. எப்போது வேண்டுமானாலும் உட்காரலாம், எங்கிருந்து வேண்டுமானாலும் செய்யலாம், லீவுக்குக் கணக்குக் கிடையாது. உங்களுக்குப் பதில் வந்திருக்கும் பையன் நல்லவன்தான். ஆனால் நான் சொல்வதை நீங்கள் பாதியிலேயே புரிந்துகொள்வீர்கள். அவனுக்கு முழுசாகச் சொன்னாலும் போதவில்லை.

திரும்பி வருகிற எண்ணம் இருந்தால் மேனேஜரிடம் பேசுகிறேன். என் நம்பர் கீழே இருக்கிறது.

ஏஞ்சலின்


நெய்க்காரப்பட்டி
21 ஜூலை 2024

ஏஞ்சலின் அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் வந்தது. தபால்காரர் இன்சூரன்ஸ் தவிர எனக்கு ஒன்றும் கொண்டுவந்ததில்லை. "ஏனுங்க, கையால எழுதியிருக்குதுங்க" என்று அவரே அதிசயப்பட்டுக் கொடுத்தார். உங்கள் நம்பரைக் குறித்து வைத்துக்கொண்டேன். ஆனால் இப்போது பார்க்கிற வேலையில் விடியும் முன்பே போன் அலறத் தொடங்கிவிடும். மாலையில் அதைத் தொடவே மனம் வருவதில்லை. தப்பாக நினைக்காவிட்டால் இப்படியே எழுதுகிறேன்.

வேறு கம்பெனி இல்லை. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஜமால் முகமது என்பவருடைய கமிஷன் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் பாதிக்கும் கீழே. நீங்கள் சிரிக்கலாம்.

கம்பெனியைப் பற்றி நான் ஒரு குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். என் மனைவி புவனேஸ்வரிக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய். மதுரையில் வைத்தியம். ஆஸ்பத்திரி வராந்தாவில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். அவள் தூங்கும்போது வேலை, விழித்திருக்கும்போது அவள். மற்ற படுக்கைக்காரர்களுடைய புருஷன்மார் லீவு கிடைக்காமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு நாள்கூட அவளை விட்டு நகரவில்லை. எந்த முதலாளி அந்தக் கொடுப்பினையைக் கொடுப்பான்?

போன தை மாதம் ஒரு காலையில் அவள் போய்விட்டாள். சாயங்காலம் மயானத்திலிருந்து திரும்பிக் குளித்துவிட்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பழக்கத்தில் லேப்டாப்பைத் திறந்தேன். பில்லில் தேதி தப்பாக விழுகிறது என்று நீங்கள் ஒரு பிழை அனுப்பியிருந்தீர்கள். சரிசெய்து அனுப்பினேன். நீங்கள் கட்டைவிரல் படம் போட்டீர்கள்.

உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. லீவுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை என்பது விதி. நான் காரணம் சொல்லவில்லை. அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதே அறை, அதே நாற்காலி, அதே பச்சைப் புள்ளி. அவள் கட்டில் கிடந்த இடம் மட்டும் காலி. நேரம் நம் இஷ்டம் என்றால், இஷ்டமே இல்லாதவன் எந்த நேரத்துக்கு எழுந்திருப்பது? சில நாள் எழுந்திருக்கவே இல்லை. யாரும் கேட்கவில்லை. அதனால்தான் போனேன்.

பழனிக்குமார்


திண்டுக்கல்
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள பழனிக்குமார் சார்,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அந்தப் பழைய உரையாடலைத் தேடி எடுத்தேன். கட்டைவிரல் அங்கேயேதான் இருக்கிறது. அதை அழிக்கலாம் என்று போனேன். இத்தனை நாள் கழித்து அழிக்க முடியாதாம். உங்கள் மனைவிக்காக ஞாயிற்றுக்கிழமை பூசையில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். வேறு என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை.

என்னைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். இதற்கு முன் சென்னையில் ஒரு பெரிய அலுவலகத்தில் இருந்தேன். கழுத்தில் அடையாள அட்டை, வாசலில் அட்டை, கழிவறைக்குப் போனால்கூட அட்டை. அப்பா இறந்தபோது கூடுதலாக லீவு கேட்டேன். "எத்தனை நாள்தான் அழுவீங்க?" என்றார் மேனேஜர். விளையாட்டாகச் சொன்னாராம். அன்றைக்கு முடிவு செய்தேன், யாரிடமும் கைநீட்டி லீவு கேட்காத வேலைக்குத்தான் போவேன் என்று. இந்தக் கம்பெனி கிடைத்ததும் அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் திண்டுக்கல்லுக்கே வந்துவிட்டேன். சிறுமலை தெரிகிற ஜன்னல், அம்மா கையால் சாப்பாடு. ஒரு வருடம் ராணிபோல இருந்தேன்.

பிறகு தம்பி ரோஷனுக்குக் குழந்தை பிறந்து அம்மா ஓசூருக்குப் போனார்கள். இன்னும் வரவில்லை. இப்போது மாடியில் நான் மட்டும். கீழே வீட்டுக்கார இஞ்ஞாசியம்மாள். தெருவில் யாருக்குப் பார்சல் வந்தாலும் என் வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள். "அது வீட்லதானே இருக்கு, குடுத்துட்டுப் போப்பா" என்பார்கள். யார் வீட்டு கேஸ் சிலிண்டருக்கும் நான்தான் கதவு திறக்க வேண்டும். சித்தி மகள் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற வேலை என்னிடம். "நீ சும்மாதானே இருக்க, செத்த நேரம் பாத்துக்குடு." இம்புட்டுப் பேர் என் கதவைத் தட்டுகிறார்கள், ஒருத்தரும் உள்ளே வந்து உட்காருவதில்லை.

இருந்தாலும் அந்த அட்டைக்குத் திரும்ப மாட்டேன். ஒன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்கள் மனிதர்களாக நடந்திருக்க மாட்டோமா? சொல்லாமல் இருந்துவிட்டுக் கேட்கவில்லை என்றால் எப்படி?

ஏஞ்சலின்


நெய்க்காரப்பட்டி
1 செப்டம்பர் 2024

ஏஞ்சலின் அவர்களுக்கு,

நீங்கள் கேட்டது நியாயம். யாரிடம் சொல்வது என்று தெரியாமல்தான் சொல்லவில்லை. வாய் திறந்து பேசுகிற இடமாக இருந்தால், என் முகத்தைப் பார்த்தே ஒருத்தர் கேட்டிருப்பார். எழுத்தில் முகம் கிடையாது. "என் மனைவி இறந்துவிட்டாள்" என்று தட்டச்சு செய்து, அதற்குக் கீழே எல்லாரும் கண்ணீர்ப் படம் போடுவதைப் பார்க்க என்னால் ஆகாது.

மண்டியில் சேர்ந்த புதிதில் ஒரு நாள் தாமதமாகப் போனேன். ஜமால் பாய் எல்லார் முன்னாலும் கத்தினார். "ஏம்ப்பா, தக்காளி லோடு வந்து நிக்குது, நீ எங்க போய்த் தொலைஞ்ச?" மற்றவர்கள் சங்கடப்பட்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவமானத்தில் இல்லை. நான் வரவில்லை என்று ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது, அதனால். இதை உங்களைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

கஷ்டமும் இருக்கிறது. நின்று நின்று கால் வீங்குகிறது. மகள் பானுப்ரியா ஒன்பதாவது படிக்கிறாள். அவள் பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்குப் பெர்மிஷன் கேட்டேன், முருங்கை சீசன், தரவில்லை. அவள் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியதை நான் பார்க்கவில்லை. கம்பெனியில் இருந்திருந்தால் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். காலையில் நான் நாலு மணிக்குக் கிளம்பிவிடுகிறேன். அவளே எழுந்து, அவளே சமைத்து, கதவைப் பூட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள். பொறுப்பான பிள்ளை. ஒன்றும் சொல்ல மாட்டாள்.

பழனிக்குமார்


திண்டுக்கல்
15 செப்டம்பர் 2024

பழனிக்குமார் சார்,

ஒன்றும் சொல்ல மாட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் ஒன்றும் சொல்லாதவர்தான். அது அவள் நன்றாக இருக்கிறாள் என்பதற்கு அடையாளமா?

அம்மா இல்லாத வீட்டில், இருட்டில், பதினாலு வயதுப் பெண் தனியாக எழுந்து அடுப்புப் பற்றவைக்கிறாள். உங்களுக்கு மண்டியில் திட்டுவதற்காவது ஆள் இருக்கிறது. அவளுக்கு யார் இருக்கிறார்கள்? உங்கள் தனிமையை நீங்கள் விட்டுவிட்டுப் போகவில்லை. அவள் தலையில் இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். நேரம் நம் கையில் இருக்கிற வேலையை உதறிவிட்டு வந்தவர் நீங்கள். எனக்கென்ன உரிமை என்று கேட்பீர்கள். ஒன்றும் இல்லை. தனியாக இருக்கிற வீட்டின் சத்தம் எனக்குத் தெரியும், அதனால் எழுதினேன்.

ஏஞ்சலின்


நெய்க்காரப்பட்டி
3 நவம்பர் 2024

ஏஞ்சலின் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு பொறுக்கி ஒட்டவைத்தேன். பதில் எழுதக் கூடாது என்றிருந்தேன்.

போன வாரம் பானுவிடம் கேட்டேன், "காலையில பயமா இருக்குதா சாமி?" என்று. தலையை ஆட்டினாள், இல்லை என்று. பிறகு, "டிவிய சத்தமா வெச்சுக்குவேன்ப்பா" என்றாள்.

ஜமால் பாயிடம் ஏழு மணிக்கு வரட்டுமா என்று கேட்டுப் பார்த்தேன். "வெங்காய லாரி உனக்காக ஏழு மணி வரைக்கும் நிக்குமா அப்பு?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே நிற்காதுதான்.

நீங்கள் எழுதியது சரி. சரியாக இருப்பதால்தான் வலித்தது. என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கோபம் இல்லை என்று தெரிந்துகொள்ளவாவது ஒரு வரி எழுதுங்கள்.

பழனிக்குமார்


திண்டுக்கல்
11 டிசம்பர் 2024

அன்புள்ள பழனிக்குமார் சார்,

உங்கள் நவம்பர் கடிதத்தை நேற்றுதான் படித்தேன். பார்சல்களுக்கு நடுவே கிடந்தது. அது வந்தபோது நான் கடிதம் பிரிக்கிற நிலையில் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். கை இன்னும் நடுங்குகிறது, எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தேன். மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தேன். பிறகு எழுந்து தண்ணீர் எடுக்கப் போனது நினைவிருக்கிறது, கட்டிலுக்குத் திரும்பியது நினைவில்லை. போன் எங்கோ அணைந்து கிடந்தது. எத்தனை நாள் என்று எனக்கே கணக்கு இல்லை. இப்போது கம்பெனிக்குள் போய்ப் பார்த்தேன். எனக்கு வந்த வேலைகள் வரிசையாக நிற்கின்றன. மேனேஜரிடமிருந்து ஒரு செய்தி: "அவசரமில்லை, முடிந்தபோது பாருங்கள்." நல்ல மனிதர். அவசரமில்லை என்றுதான் எப்போதும் சொல்வார்.

இஞ்ஞாசியம்மாள் தினமும் அழுகிறார்கள். "ஏத்தா, நீ எப்பவும் கதவச் சாத்திக்கிட்டுதான இருப்ப. கூப்ட்டா மீட்டிங்கும்ப. நான் என்னத்தக் கண்டேன்?" அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஊரே நான் வீட்டில் இருப்பதாக நினைத்தது. வீட்டில்தான் இருந்தேன்.

டெங்கு, இன்னும் ஒரு நாள் போயிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னாராம். அம்மா ஓசூரிலிருந்து வந்து சேருவதற்குள் ரத்தத்துக்கு அலைந்தது, ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டது எல்லாம் நீங்கள்தான் என்று சொன்னார்கள். பானு என் பக்கத்திலேயே இருந்தாளாம். அவள் உள்ளங்கை என் நெற்றியில் இருந்தது நினைவிருக்கிறது. கண்ணாடி வளையல் சத்தமும்.

உங்கள் முகம் நினைவில்லை. மூன்று வருடம் கூட வேலை பார்த்தவர் முதல்முறையாக என் வீட்டுக்கு வந்திருக்கிறார், நான் பார்க்கவில்லை. எப்படித் தெரிந்தது உங்களுக்கு? நான் கோபித்துக்கொண்டேன் என்றுதானே நினைத்திருப்பீர்கள்?

ஏஞ்சலின்


நெய்க்காரப்பட்டி
22 டிசம்பர் 2024

ஏஞ்சலின் அவர்களுக்கு,

கோபம் என்றுதான் நினைத்தேன். கடிதம் எழுதி ஒரு வாரம் பார்த்துவிட்டு உங்கள் நம்பருக்குப் போட்டேன். அணைத்து வைத்திருப்பதாக வந்தது. மறுநாளும் அப்படியே. சரி, பேச விருப்பமில்லை என்று விட்டுவிட்டேன். பானுதான் விடவில்லை. "கோவமா இருந்தா போன எடுக்க மாட்டாங்க. ரெண்டு நாளாவா ஆஃப் பண்ணி வெப்பாங்க? போய்ப் பாக்கலாம்ங்கப்பா" என்றாள். மண்டிக்கு விடுமுறை நாள். இருவரும் பஸ் ஏறி வந்தோம்.

உங்கள் வீட்டுக்கார அம்மா மாடியைக் காட்டி, வீட்டில்தான் இருக்கிறாள் என்றார்கள். தட்டினோம். வாசலில் பார்சல்கள் குவிந்து கிடந்தன. அதைப் பார்த்ததும் கீழே ஓடினேன். அந்த அம்மாவிடம் இன்னொரு சாவி இருந்தது. மற்றதெல்லாம் வேண்டாம், நீங்கள் இப்போது எழுதுகிறீர்கள், போதும்.

முகத்தைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிற மாதிரி ஒன்றும் இல்லை. கறுப்பு, கொஞ்சம் வழுக்கை, மீசை நரைத்துவிட்டது. உங்கள் முகத்தை நான் நினைத்திருந்தது வேறு மாதிரி. நல்ல உயரமாக, கண்டிப்பான டீச்சர்போல நினைத்திருந்தேன். நீங்கள் சின்ன உருவம்.

பானு உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். காலையில் நீங்கள் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள்? அவள் ஐந்தரைக்கு எழுந்திருக்கிறாள். சமைக்கிற நேரத்தில் போனில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் டிவி வேண்டாமாம். தொந்தரவாக இருந்தால் சொல்லிவிடுங்கள்.

பழனிக்குமார்


திண்டுக்கல்
19 ஜனவரி 2025

அன்புள்ள பழனிக்குமார் சார்,

அம்மா ஓசூருக்குத் திரும்பிவிட்டார்கள். பேரன் தேடுகிறானாம்.

மேனேஜரிடம் பேசினேன். தினமும் காலையில் ஒருத்தருக்கொருத்தர் "இருக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளும்படி வைக்கலாமா என்று கேட்டேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நாம யாரையும் கண்காணிக்கிறதில்ல ஏஞ்சலின், நம்புறோம். அதுதான் நம்ம பலம்" என்றார். அவர் சொல்வதும் பொய் இல்லை. சென்னையில் என்னைக் கண்காணித்தார்கள், ஆனால் பார்க்கவில்லை. இங்கே கண்காணிப்பதும் இல்லை, பார்ப்பதும் இல்லை. வேலையை விடப்போவதில்லை. என் நேரம் என் கையில் இருப்பதால்தானே ஐந்தரைக்குப் பானுவோடு பேச முடிகிறது? பிறகு இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு வேலைக்கு உட்காருகிறேன்.

அவள் பேசுவதே இல்லை என்று நினைத்தீர்களே! எனக்குக் காது வலிக்கிறது. நேற்று ரசத்தில் புளித்தண்ணீரைத் தக்காளிக்கு முன்னால் ஊற்றுவதா, பின்னாலா என்று சண்டை. எனக்குச் சமையல் வராது என்று கண்டுபிடித்துவிட்டாள். தினமும் அவள் சொல்ல, இங்கே நானும் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஒரு வெஞ்சனம் செய்கிறேன். அவள் பள்ளிக்கூடம் கிளம்பி போனை வைத்ததும் வீடு மறுபடியும் பழையபடி ஆகிவிடுகிறது. சாயங்காலம் வரை என் குரலை நானே கேட்பதில்லை. அதை மட்டும் எப்படிச் சரிசெய்வதென்று தெரியவில்லை.

ஏஞ்சலின்


நெய்க்காரப்பட்டி
9 பிப்ரவரி 2025

அன்புள்ள ஏஞ்சலின்,

வியாழக்கிழமை நீங்கள் அசந்து தூங்கிவிட்டீர்கள். தப்பில்லை. போன் சத்தமில்லாமல் இருந்ததாகப் பானுவிடம் பிறகு சொன்னீர்களாம். அன்றைக்கு இங்கே நடந்தது உங்களுக்குத் தெரியாது. பானு சொல்லக் கூடாது என்றாள், ஆனாலும் எழுதுகிறேன்.

ஆறு மணிக்கு மண்டி போனுக்கே கூப்பிட்டுவிட்டாள். ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஜமால் பாய்தான் எடுத்தார். என்னிடம் நீட்டும்போதே அவர் முகம் மாறியிருந்தது. "அப்பா, ஆன்ட்டி இன்னும் பேசல. நாலு தடவ போட்டுட்டேன். நீங்க பஸ் ஏறுங்க." அழுதுகொண்டிருந்தாள். அவள் அம்மா போன அன்றுகூட அப்படி அழவில்லை.

பாயிடம் பெர்மிஷன் கேட்க வாய் திறந்தேன். "மொதல்ல போப்பா" என்று அவரே பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

திண்டுக்கல் பஸ் உடனே இல்லை. மதுரை பஸ்ஸில் ஏறினேன், செம்பட்டியில் மாறிக்கொள்ளலாம் என்று. வழியெல்லாம் நின்றுகொண்டே வந்தேன். செம்பட்டியில் இறங்கிக் கால் வைக்கிறேன், பானு கூப்பிடுகிறாள். "ஆன்ட்டி தூங்கிட்டாங்களாம்ங்கப்பா!" சிரிப்பும் அழுகையுமாக இருந்தாள்.

ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு டீ சொன்னேன். மண்டிக்குத் திரும்பினாலும் ஏலம் முடிந்திருக்கும். பாய் தேட மாட்டார். வெகு காலத்துக்குப் பிறகு, என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று ஒரு காலை என் கையில் இருந்தது. திண்டுக்கல் பக்கம்தான். ஒரு பஸ் வந்தது, கண்டக்டர் "ஏறுங்க, ஏறுங்க" என்றார். ஏறவில்லை. இன்னொன்றும் வந்து போயிற்று. கடைசியில் ஒட்டன்சத்திரம் பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிட்டேன்.

வரப் பிரியமில்லாமல் இல்லை. உங்களுக்குக் காய்ச்சல் என்றால் கதவை உடைத்துக்கொண்டுகூட வந்துவிடுவேன். காய்ச்சல் இல்லாத நாளில், நீங்கள் சாதாரணமாக எழுந்து வேலை பார்த்துக்கொண்டிருக்கிற நாளில், கதவைத் தட்டி என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

பழனிக்குமார்